சேத்து மணம்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்.
நாலு நாளாய்க் குருநகரில் ஒரு படகும் இறங்கவில்லை.
மீன்சந்தையில் ஐஸ் உருகி
வெறும் சீமெந்து மேடை மினுங்கிக் கிடந்தது.

அதே மழைக்கு
இரணைமடு வான் பாய்ந்திருக்கிறது.
முரசுமோட்டையிலிருந்து தம்பி
றெஜிபோம் பெட்டியொன்றை பஸ்ஸில் ஏற்றிவிட்டான்:
பதினொரு திலாப்பியா, ஒரு விரால்.
கொண்டக்டர் பெட்டிக்கும் ரிக்கெற் கிழித்தாராம்.

"குளத்து மீனோ?"
டிலக்சினி மச்சாள் மூக்கைப் பொத்தவில்லை,
பொத்தப்போன கையால் தலைமயிரை ஒதுக்கினாள்.
"இது பாம்புக்குத் தம்பியெல்லோ!"
திருக்கையை வாலில் பிடித்துத் தூக்கி எறிகிற அமலதாஸ்
விராலுக்கு ஓரடி தள்ளி நின்று சொன்னான்.

நான் வாதாடவில்லை.
வழுவழுப்புப் போகச் சாம்பல் போட்டு உரசினேன்.
வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுத்தச் சவ்வை
நகத்தால் வழித்தெடுத்தேன்.
சேறு அங்கேதான் இருக்கும்,
மிச்சமெல்லாம் மீன்.
பழப்புளியில் அரைமணி நேரம்.
பிறகு செத்தல், உள்ளி, பெருஞ்சீரகம் அரைத்துக்
கீறலுக்குள் விரல் விட்டுத் தேய்த்தேன்.

பழுதான வோஷிங் மெஷினின் தொட்டியை
போன நத்தாருக்கே கழற்றி வைத்திருந்தார் றெஜினோல்ட்.
உடம்பெல்லாம் ஓட்டை; காற்றுக்குக் குறைவில்லை.
சிரட்டையும் ஊமற்கரியும் பிடித்து
தணல் வெள்ளையாய் அடங்கும்வரை
தகரக் கூரையின் கீழ் மூன்று பேரும்
மழையைப் பற்றியே பேசினார்கள்.

முதல் சொட்டுக் கொழுப்பு தணலில் விழுந்தது.
பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது.

பாண், வெட்டிய வெங்காயம், பாதித் தேசிக்காய்.
அமலதாஸ் தோலை உரித்து ஓரமாய் வைத்தான்.
சதையைத் தின்றான். பிறகு அந்தத் தோலையும்.
"முள்ளு கூட."
"உப்புக் காணாது. கடல்மீனெண்டால்
உப்பு அதுக்குள்ளயே இருக்கும்."
சொல்லிக்கொண்டே நாலாவதை எடுத்தான்.

விரால் கடைசியாய் வெந்தது.
ஒருவரும் தொடவில்லை. நல்லது.
நடுமுள்ளைப் பிடித்து இழுத்தேன்,
சீப்பைப் போல முழுதாய் வந்தது.

அப்போதுதான் டிலக்சினி கேட்டாள்,
"உங்கட குளத்தில அலை அடிக்குமோ?"

கலியாணமாகி ஆறு வருஷம்.
இந்த வீட்டில் என் ஊரைப் பற்றி வந்த முதல் கேள்வி.

"காத்துக்கு அடிக்கும்" என்றேன்.
"மாரியில அணைக்கட்டு நனையும்."

ஏதோ கணக்குச் சரிவந்ததுபோல் தலையாட்டினாள்.
விரால் இருந்த தட்டை
தன் பக்கம் கொஞ்சம் இழுத்தாள்.