காற்புள்ளி

இட்வால் வீட்டைவிட்டுப் போனபோது
காரை எடுத்துக்கொண்டான்,
நாயை எடுத்துக்கொண்டான்,
மண்ணுக்குள் உலோகம் தேடும் இந்த இயந்திரத்தை மட்டும்
கொட்டகைச் சுவரில் சாய்த்தபடி விட்டுப் போனான்.
பதினோரு வருஷம் வயல்வயலாய்த் தடவி
அவன் சேர்த்தது
இரண்டு ஜாடி பொத்தான்கள்.

தபால் பையைக் கழற்றிய பிறகு
இப்போது நான் தடவுகிறேன்.
வேல்ஸில் மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது.
அது சற்றே வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து
மெய்ரிக்கின் மேட்டுப் புல்வெளி ஏறுவேன்.

அன்று காதில் ஒரு கரகரப்பு.
வெள்ளி என்றால் மணிபோல் கூப்பிடும்.
இது சளி பிடித்த குரல். இரும்பு.
விட்டுப் போயிருக்கலாம்.
கால் வலித்தது, குனிய ஒரு சாக்கு வேண்டியிருந்தது,
தோண்டினேன்.

ஒரு சாண் ஆழத்தில்
உள்ளங்கையைவிடச் சிறிதாய்
ஒரு பக்கம் தடித்து, போகப்போக இளைத்து
வளைந்து முடிகிற தகடு.
விளிம்போரம் மூன்று துளைகள்.
ஒன்றில் ஆணி,
யாரோ பிடுங்கப் பார்த்து விட்டதுபோல் கோணலாக.

இட்வால் மறந்துபோன பல்துலக்கியால்
இரண்டு ராத்திரி துரு தேய்த்தேன்.
முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பின்னால்
அவசரத்தில் போடுகிற காற்புள்ளிபோல
மேஜைமேல் கிடந்தது.

கறிக்கடை எம்லின் வாங்கிப் பார்த்து
"கத்திதான் ஹெவீனா, பிடி உளுத்திருக்கும்" என்றான்.
அவனுக்கு எல்லாமே கத்தி.
தேவாலயச் சாவி வைத்திருக்கும் திருமதி பிளெத்தின்
"சவப்பெட்டிப் பூண்" என்று சொல்லி
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.
மதுக்கடையில் ஒருவன்
ரோமானியர் காதணி என்றான்.
"அவ்வளவு பெரிய காதா?" என்றான் இன்னொருவன்.
அதற்குமேல் ஆராய்ச்சி நடக்கவில்லை.

இட்வாலுக்குப் படம் அனுப்பினேன்.
குப்பை, என்று பதில் வந்தது.
ஒரு நிமிஷம் கழித்து:
எங்கே கிடைத்தது?

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மறுபடி அதே குழி.
மெய்ரிக்கின் கறுப்புப் பசு மூயார்
என்ன தின்கிறேன் என்று பார்க்க வந்தது.
நான் வாரிப் போட்டிருந்த ஈரமண்ணில்
முன்னங்காலை ஊன்றியது,
சலித்துப்போய் எடுத்தது.

எடுத்த இடத்தில்
ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பாதிகள்,
நடுவே மெல்லிய மண்வரப்பு.
சட்டைப்பையிலிருந்து இரும்பை எடுத்து
வலப்பாதியில் வைத்தேன்.
உட்கார்ந்துகொண்டது.

லாடம்.

குதிரைக் குளம்புக்கு ஒன்று போதும்.
பிளந்த குளம்புக்கு இரண்டு,
நாலு காலுக்கு எட்டு.
மாட்டுக்கு ஆணியடிக்க யாருக்குத் தோன்றும்,
லண்டன்வரை நடத்திப் போகிறவனைத் தவிர?
ரயில் வராத காலம், இந்த மேடுதான் பாதை.
கயிற்றால் காலை வாரித் தள்ளி
ஒருவன் கழுத்தில் உட்கார
ஒருவன் வாயில் ஆணிகளோடு குனிந்திருப்பான்.
வாரக்கணக்கில் கல்லும் சரளையும்.
நொண்டினால் எடை குறையும்,
எடை குறைந்தால் விலை குறையும்.
அதற்குத்தான் இத்தனை அக்கறை.

எம்லினின் கத்தி
அவ்வளவு தப்பில்லை.
அது பாதையின் அந்தக் கோடியில் இருந்தது.

இந்த ஒரு மாடு
புறப்பட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ
ஒன்றை உதறிவிட்டு
மிச்சம் ஏழோடு நடந்திருக்கிறது.
வலித்ததா, லேசானதா,
மூயாரைக் கேட்டேன்.
அது என் சட்டைக் கையை நக்கியது, உப்புக்காக.

தூறல் திரும்பி வந்துவிட்டது.
குளம்புத் தடத்தில் நீர் கட்ட
இரும்பு முழுகத் தொடங்கியது. எடுத்துத் துடைத்தேன்.
கைபேசியில் இன்னும் அந்தக் கேள்வி,
எங்கே கிடைத்தது?

வழியில்,
என்று அடித்தேன்.
காற்புள்ளிக்குப் பிறகு எழுத எதுவும் வரவில்லை.
அப்படியே அனுப்பினேன்.