வெளியே நிறுத்தவும்

டுலூத்தில் ஜனவரி.
ஏரி, கொதிக்கிற அண்டாபோல்
ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.
குளிரோ மைனஸ் இருபத்தாறு.
சர்வீஸ் கவுன்ட்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாதவற்றைச்
சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது.
இடப்பக்கம் சொல்லக் கூடாதவை,
வலப்பக்கம் அவற்றுக்கு மாற்று.
'தீ' இடப்பக்கம்.
'வெப்ப நிகழ்வு' வலப்பக்கம்.
'கோளாறு' இடப்பக்கம்.
'எதிர்பார்ப்புக்கு மாறான இயக்கம்' வலப்பக்கம்.
'மன்னியுங்கள்' என்பதை யாரோ
இடப்பக்கக் கடைசியில் பேனாவால் சேர்த்திருந்தார்கள்.
அதற்கு எதிரே வெற்றிடம்.

மூன்றாம் கடிதம் போன வாரம் அது.
முதல் கடிதம்: எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது.
இரண்டாவது: மாற்றுப் பாகம் தயாராகிறது.
மூன்றாவது: பாகம் வரும்வரை
வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தவும்,
வீட்டிலிருந்தும் பிற வண்டிகளிலிருந்தும் தள்ளி.
வழக்கம்போல் ஓட்டலாம்.

ஆர்டித் கொஸ்கெலா பேசினாள்.
துறைமுகத்தில் தாதுக்கப்பல்களுக்கு
எடைக்கணக்கு எழுதுகிறவள்.
குரல் உயரவே இல்லை.

"கராஜில் வைக்காதே என்கிறீர்கள், சரி.
இந்தக் குளிரில் எஞ்சினுக்குச் சூடு கொடுக்காமல் கிளம்பாது.
சமையலறை ஜன்னல் வழியே வயரை இழுத்து
முப்பது அடி தள்ளி விட்டிருக்கிறேன்,
கடித்த நாயைக் கட்டிவைக்கிற மாதிரி.
ராத்திரியெல்லாம் ஜன்னல் இடுக்கில் காற்று.
அதுவும் போகட்டும்.
ஒன்றே ஒன்று கேட்கிறேன்.
என் சுவருக்கு ஆகாத வண்டி
என் பையனுக்கு மட்டும் எப்படி ஆகும்?
காலை ஏழரைக்கு, பின்சீட்டில்,
பெல்ட் போட்டு உட்காருகிறான்."

தாளைப் பார்த்தேன்.
இடப்பக்கம்.
வலப்பக்கம்.
திருப்பிப் பார்த்தேன். பின்னால் யாரோ
மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எழுதியிருந்தார்கள்.

"ஏத்தாதீங்க" என்றேன்.

அழைப்புகள் பதிவாகும், தரத்துக்காக.
மேனேஜர் டெல்மர் ரூட்
அந்த ஒரு சொல்லை மூன்று முறை ஓட்டிக் காட்டினார்.
என் குரல் எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.
கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.
வீட்டுக்கடன் இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது.
அடுத்த அழைப்பில்
'வெப்ப நிகழ்வு' என்றேன், தெளிவாக.

பாகம் ஏப்ரலில் வந்தது.
கட்டைவிரல் நகமளவு ஒரு ஃபியூஸ்,
கூடவே ஒரு சாண் வயர்.
பெட்டிமேல் விலை ஒட்டியிருந்தது,
எங்கள் காத்திருப்பறை டோனட்டைவிடக் குறைவு.
பதினான்கு நிமிட வேலை.
தொண்ணூற்றிரண்டு நாள் என்றாள் ஆர்டித்.
அத்தனை நாளும் பையன் பக்கத்து வீட்டு ட்ரக்கில் போனானாம்,
டீசலுக்கு வாரம் இருபது டாலர்.
கணக்கெழுதிய சீட்டை நீட்டினாள்.
எங்கள் கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை.

கழற்றிய பழைய துண்டைக் கேட்டாள்.
கம்பெனிக்கே திரும்பப் போக வேண்டும், விதி.
"கண்ணிலாவது காட்டுங்கள்."
உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.
அறுபதாயிரம் டன்னை எழுதிப் பழகிய கை.
ஓர ஓட்டில் சின்னதாய் ஒரு கருகல்.
அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.
என்னிடம் திருப்பித் தந்துவிட்டு
சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாளில் கம்பெனி அவளுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது:
எங்களை எவ்வளவு நம்புகிறீர்கள்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்?
பதில் வந்ததாகத் தெரியவில்லை.

மே மாதம், ஒரு ஞாயிறு,
லேக்சைட் பக்கம் போகையில் அவள் வீட்டைக் கண்டேன்.
கராஜ் கதவு திறந்து கிடந்தது.
உள்ளே ஒரு சைக்கிள், பாதி உப்பு மூட்டை,
மற்றபடி காலி இடம்.
வண்டி வெளியே நின்றது,
முன்கண்ணாடியில் எங்கள் பச்சை ஸ்டிக்கரோடு,
முப்பது அடி தள்ளி.
அடியில் புல்
வண்டியளவுக்கு வெளுத்திருந்தது.