வால் இல்லாத பேச்சுக்குமிழ்

இரண்டு வாரத்துக்கொருமுறை
இனாரி ஏரியைச் சுற்றி வரும் நூலகப் பேருந்து.
மூன்று மணிக்கே இருட்டிவிட்ட நவம்பரில்
அதன் ஜன்னல்கள் மட்டும் மஞ்சள்.

பூட்ஸின் பனியை உதற மறந்து
வில்யா கடைசி அடுக்குக்குப் போகிறாள்.
நான்காம் பாகம் இல்லை.
"யாரோ எடுத்திருக்கிறார்கள்" என்கிறார் ஓட்டுநர்.
யாரென்று சொல்ல மாட்டார், அது விதி.

சரி, மூன்றாம் பாகமே இன்னொரு தடவை.

வலப்பக்கத்தைக் கையுறையால் மூடிக்கொண்டுதான் வாசிப்பாள்;
கண் திருட்டுப் பூனை,
கடைசிக் கட்டத்துக்குத் தாவிவிடும்.

கலங்கரை விளக்கம். படிக்கட்டு. ஈரக் காலடி. கயிறு.
அடுத்த கட்டத்தில் கதவு திறந்து கிடக்கிறது.
இரண்டுக்கும் நடுவே விரற்கடை வெள்ளை:
கொலை அங்கேதான் நடந்தது.
வரைந்தவர் வரையவில்லை,
வில்யா பார்த்தாள்.

பிறகு பக்கம் முழுக்கக் கறுப்பு.
அதில் வால் இல்லாத ஒரு பேச்சுக்குமிழ்:
'விளக்கை அணைக்காதே.'
யார் வாயிலிருந்து?

ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்து:
'காவல்காரன் அல்ல. முடிச்சைப் பார்.
இடக்கை போட்டது.'

போன தடவை இது இங்கே இல்லை.

முடிச்சைப் பார்க்கிறாள். ச்சே, ஆமாம்!
இரண்டு முறை வாசித்தும் கோட்டை விட்டிருக்கிறாள்.
எரிச்சலோடு எழுத்தை விளக்கருகே சாய்க்கிறாள்:
பென்சில் கரி ஒவ்வொரு சொல்லிலும்
வலப்பக்கமாக இழுபட்டிருக்கிறது,
எழுதிய கையே மேலே ஊர்ந்து போனதுபோல.

அப்படியானால் நீயும்.

வெளியே பேருந்து உறுமிக் கிளம்புகிறது.
நாளை பள்ளி உணவறையில்
பட்டாணி சூப்.
முகங்களைப் பார்க்கப் போவதில்லை அவள்,
கரண்டிகளை.