வலது முன் சக்கரம்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினான்காம் வளைவில் ஆரம்பித்தது.
குரங்குக் குட்டி என்று நினைத்து ஜன்னலை இறக்கினேன்.
குரங்கு தடுப்புச் சுவரில் பேசாமல் உட்கார்ந்து
யாரோ போட்ட சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது.
கத்தியது என் கார்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.
காது பரிசோதிப்பவள்.
கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி
"சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று
ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறவள்.
வியாழக்கிழமை மட்டும் மலைமேல் முகாம்.
மூவாயிரம் ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்று
மனசுக்குள் வரைபடம் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றுக்கும் உதவவில்லை.

காலை ஈரத்தில் இரண்டு அழுத்தலுக்குக் கத்திவிட்டு
அடங்கிப்போனால் துருதான், பயமில்லை என்றார்
எதிர் வீட்டு லாரி புக்கிங் செங்கோடன்.
அடங்கவில்லை.
அஸ்தம்பட்டியில் ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.
ஞாயிறன்று கீச்சோடு கர்ரும் சேர்ந்துகொண்டது.
பிரேக்கைத் தொடாமலே கர்ர்,
அரிசியில் கல்லோடு மாவு அரைக்கிற மாதிரி.

ஓமலூர் ரோட்டுக் கம்பெனி சர்வீஸில்
ஏசியில் உட்காரவைத்துக் காபி கொடுத்து
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரைத் தூக்கி நிறுத்தினார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
தீர்ப்புக்குக் காத்திருப்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.
இரண்டு டிஸ்க், நாலு பேட், காலிப்பர் கிட், லேபர், வரி.
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பத்து.
"எந்தச் சக்கரத்துல சத்தம்?"
"செட்டாத்தான் மாத்துவோம் மேடம்."
பொய்யில்லை.
நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை.
காபி நன்றாக இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

கோரிமேட்டில் பெயர்ப்பலகை இல்லாத ஷெட். ஜபருல்லா.
நான் பேச ஆரம்பித்ததும்
முகத்தின் வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.
இடது காது போயிருக்கிறது.
கேட்கவில்லை, பார்த்தாலே தெரியும் எனக்கு.
"ஓட்டுங்க" என்றார்.
பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி
வெறும் பாதத்தைக் காரின் தரையில் பதித்துக்கொண்டார்.
அடிவாரம் தாண்டும்போது
"கேக்குதா?" என்றேன், பழக்கதோஷம்.
கையைத் தூக்கினார்.
வண்டியை நிறுத்தச் சொல்லி.

ஷெட்டுக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினார்.
டிஸ்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே
சுண்டைக்காய் அளவு வெள்ளைக் கல்.
மாக்னசைட் லாரி எதுவும் சிந்தியிருக்கும்.
இவ்வளவுதானா என்று சிரித்தேன்.
"கர்ருக்கு இது. கீச்சு வேற."
உட்பக்க பேடைக் காட்டினார்,
போஸ்ட்கார்டு கனம்கூட இல்லை.
வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.
பின் இறுகிப்போய் ஒரு பக்கமே உழைத்திருக்கிறது.
"கல்ல மட்டும் எடுத்து அனுப்பலாம். பாதிச் சத்தம் போயிரும்.
நீங்களும் சந்தோஷமாப் போவீங்க,
நாலஞ்சு வியாழக்கிழமைக்கு."

முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பேட்,
பின்னுக்குக் கிரீஸ், டிஸ்க் அப்படியே.
"டிஸ்க் கனத்த அளக்க எங்கிட்ட கருவியில்ல.
அடுத்த தடவ கம்பெனியிலயே பாருங்க."
மூவாயிரத்து இருநூறு. பில் கிடையாது.
பழைய பேடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அவருடைய வலப்பக்கம் போய் நின்றுகொண்டு
"புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன்.
"எதுக்கு?"
"அளந்து பாக்க."
"எவ்ளோ ஆகும்?"
"ஒண்ணும் ஆகாது."
கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
அந்த முகத்தோடுதான் நானும்
ஓமலூர் ரோட்டில் எஸ்டிமேட்டைப் பார்த்திருப்பேன்.

புதன் வந்தது. அவர் வரவில்லை.

வியாழன் இருபதிலிருந்து ஒன்றுவரை இறங்கினேன்.
சத்தமில்லை.
இல்லை என்று தெரிந்துகொள்ளவே
தேவையில்லாத இடத்திலும் அழுத்தினேன்,
பின்னால் வந்த பைக்காரன் திட்டினான்.
ஆறாம் வளைவில் டக்.
மூச்சைப் பிடித்துக் கேட்டேன்.
டிக்கியில், செய்தித்தாளுக்குள்,
பழைய பேடு நகர்ந்து உட்கார்ந்தது.