நூறு மில்லி

சுங்கை டுவா, பதினோராவது மாடி.
இரவு ஒன்றரை.
கட்டில்மேல் வாய்பிளந்து கிடக்கிறது பை.

ஏழு கிலோ.
தோள்பையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று
எனக்கும் யோகனுக்கும் அரைமணி நேரச் சண்டை.
சேர்த்துத்தான்.
பொடி எழுத்தில் இருந்தது. அவன் ஜெயித்தான்.

கொக்கித் தராசு வீட்டில் இல்லை.
பையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்,
இறக்கிவைத்துவிட்டு மறுபடி ஏறினேன்.
பையின் எடை தெரிய
முதலில் என் எடை தெரிந்தாக வேண்டியிருக்கிறது.
எழுபத்தொன்று புள்ளி நான்கு.
பிள்ளை பெற்று ஐந்து மாதம்.
யோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், நல்லவன்.
கழித்தால் பை எட்டு புள்ளி மூன்று.

ஜீன்ஸ் வெளியே.
ஷாம்பு வெளியே, ஹோட்டலில் கொடுப்பார்கள்.
பவர் பேங்க் கையோடுதான் வரவேண்டும்.
நகவெட்டி போகலாம்.
கத்தரிக்கோல், நீளத்தைப் பொறுத்தது:
புருவக் கத்தரியைப் பறிகொடுத்த கதையை
சியூ ஹூன் இன்னும் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எடுத்துவைக்க முடியாதது ஒன்றுதான்.
பால் உறிஞ்சும் மெஷின், அதன் மோட்டார், குழாய்,
இரண்டு புனல், நீல ஐஸ் கட்டி, ஆறு புட்டி.
எல்லாமாக ஒரு கிலோ தொள்ளாயிரம்.

சிங்கப்பூரில் இரண்டு நாள் பயிற்சி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வரும் புது மெஷினை
இயக்கத் தெரிந்த முதல் ஆள் நானாம்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

போகும்போது புட்டிகள் காலி.
காலிப் புட்டியை யாரும் கேட்பதில்லை.
வரும்போதுதான்.

திரவம் என்றால் என்ன?
பற்பசை திரவமாம். தயிர் திரவமாம்.
தேங்காய்ச் சட்னி, பெலாச்சான் சம்பல், தலைக்குப் போடும் ஜெல்,
ஊற்றினால் ஓடுவது, அமுக்கினால் பிதுங்குவது எல்லாமே.
நூறு மில்லிக்கு மேல் போகாது.
பாதி தீர்ந்த இருநூறு மில்லி டப்பாவும் போகாது.
உள்ளே இருப்பதல்ல கணக்கு,
கொள்ளக்கூடியது.

குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு.
அப்பாடா என்று அடுத்த வரிக்குப் போனால்
‘குழந்தை உடன் பயணம் செய்தால்.’

அவள் கூட வந்தால் புட்டி எதற்கு?
போன் திரையைப் பார்த்துக் கேட்டேன்.
இந்த வரியை எழுதியவர்
சட்டை நனைய மீட்டிங்கில் உட்கார்ந்தவர் இல்லை.

கூப்பிட்டேன். பதினெட்டு நிமிடம் இசை.
பிறகு நூர் அஸ்லினா, இரவு ஷிப்ட்.
சூசு ஈபு என்று மலாயில் தயங்கித் தயங்கி.
“குழந்தை எங்கே காக்?”
“வீட்டில்.”
“பால்?”
“சிங்கப்பூரில். அதாவது, இனிமேல்தான் வரும்.”
விசைப்பலகையின் சத்தம் மட்டும்.
உறைந்து கல்லாக இருந்தால் சிலர் விடுவார்கள்,
சிலர் விடமாட்டார்கள்,
சோதனையில் நிற்பவரின் முடிவு என்று வாசித்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
“காசு கட்டிப் பெட்டியில் போட்டுடுங்க காக்.
நான் அப்படித்தான் கொண்டுவந்தேன்.”

திரும்பும் வழிக்கு மட்டும்
இருபது கிலோ வாங்கினேன், எழுபத்தெட்டு ரிங்கிட்.
ஒரு லிட்டருக்கு இருபது கிலோ இடம்.

போகும் வழிக்கு அதே ஏழுதான்.
ஏறினேன், இறங்கினேன், கழித்தேன்.
ஏழு புள்ளி ஆறு.
யோகன் பையிலிருந்து ஜாக்கெட்டை உருவி
என் தோளில் போட்டான்.
உடம்பில் இருப்பதை யாரும் நிறுப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து யாழிசை அழுதாள்.
அவள் குரலுக்கு முன்பே
என் சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள்.

குடித்து அவள் தூங்கியபின்
ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பை இல்லாமல்,
சும்மா ஏறிப் பார்த்தேன்.
எழுபத்தொன்று புள்ளி மூன்று.

நூறு கிராம் குறைந்திருந்தது.
ஏறத்தாழ நூறு மில்லி.
தொட்டிலுக்குள் அது ஏப்பம் விட்டது.
டாக்சி ஐந்தரைக்கு.