விடைக்குறிப்பில் இல்லாதது

வியர்வை, குழறும் பேச்சு,
ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை நோயாளி.
முதலில் என்ன செய்வாய்?
நான்கு விடை கொடுத்திருந்தேன்.

ஜெபக்கனி எதையும் வட்டமிடவில்லை.
ஓரத்தில் பென்சிலால்,
'இன்சுலின் போட்டாச்சு, சரி.
சாப்பாடு யார் கொண்டுவர்றாங்க?'

பூஜ்யம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பெரியாஸ்பத்திரி, ஆறாம் கட்டில்.
ஏழு மணிக்கு ஊசி. சார்ட்டில் என் கையெழுத்து.
எட்டேகாலுக்குத் தலையணை நனைந்திருந்தது.
என்னை 'ஆத்தா' என்றார்.
தட்டு கவிழ்த்தபடியே.

குளுக்கோஸ் கரைத்துப் புகட்டி
அவர் பெயரை அவரே சொல்லும்வரை நின்றேன்.
தூக்குச்சட்டியோடு மகள் ஓடிவந்தாள்:
"மேலூர் பஸ் வரலைங்க சிஸ்டர்."

பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டதற்கு
இன்று படிவம் நீட்டுகிறார் கிளார்க்.
மதிப்பெண் மாற்றக் காரணம்?
"கூட்டல் பிழைன்னு போட்டுரவா மேடம்?"

மேலூர் பஸ்னு போடுங்க.