இரண்டு புள்ளிகள்

சனிக்கிழமை. ஸ்டேஞ்சர் மருத்துவமனைக் கூட்ட அறை.
வாசலில் டீ, ரஸ்க், வருகைப் பதிவேடு.
வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது ஒன்று;
இரண்டும் இருந்தால்தான்
என் ஆண்டுக் கணக்கில்
இரண்டு புள்ளிகள் ஏறும்.

வெளியே கரும்புக்காடு எரிகிறது.
ஜன்னல் விளிம்பெல்லாம் கருஞ்சாம்பல்.
உள்ளே மேசைமேல்
வெள்ளை வெள்ளையாய் மாவுக்கட்டுச் சுருள்கள்.

டர்பனிலிருந்து வந்த டாக்டர் ஃபெர்மாக்
நாற்பது எக்ஸ்ரே காட்டி முடித்து,
"ஜோடி சேருங்கள்" என்றார்.
"ஒடியாத கைக்குக் கட்டுப் போடுங்கள்."

எனக்கு வாய்த்தவர் சிஸ்டர் நொம்ஃபுண்டோ.
அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக
நான் எழுதுவேன், அவர் கட்டுவார்.
இன்று என் கையையே கேட்டார்.
வலது கை. யோசிக்காமல் நீட்டினேன்.

பஞ்சு இரண்டு சுற்று,
மணிக்கட்டு மேட்டில் கூட ஒன்று.
வெதுவெதுத் தண்ணீரில் முக்கிப் பிழிந்த ஈரம்
குளிர்ச்சியாக ஏறி வந்தது.
பிறகு சூடு.
இறுகும்போது சூடாகும் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
என் தோலுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது அறுப்பு.
ரம்பம் சுழலாது, அதிரும், அவ்வளவுதான்,
தோலை வெட்டாது என்று
எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்,
அவர்கள் அம்மாக்களைத் தோளைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டே.
அது அலறியதும்
என் கை தானாகப் பின்னுக்குப் போனது.
"அசையக் கூடாது டாக்டர்"
என்றார் நொம்ஃபுண்டோ, அப்படியே என் குரலில்.

மூன்று அங்குலம் போயிருக்கும்.
மின்சாரம் நின்றது.

யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள்:
பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை நம் முறை.
ஜெனரேட்டர் தியேட்டருக்கும் ஐ.சி.யூவுக்கும்.
கைக்கத்திரி அலமாரியில்.
அலமாரிச் சாவி விடுப்பில்.

இரண்டரை மணி நேரம்.
தண்ணீர் பாட்டில் திறக்கவில்லை.
கழிப்பறைக்குப் போனதை எழுத மாட்டேன்.
பன்னி சௌ வந்தது, ரொட்டிக் குழிக்குள் பீன்ஸ் கறி,
பிய்த்துத் தின்ன இரண்டு கை கேட்கிற சாப்பாடு.
கட்டைவிரல் அடிக்குச் சற்று மேலே
ஓர் அரிப்பு.
பேனா போகவில்லை. ஸ்கேலும் போகவில்லை.

அப்போதுதான் பேகி குமேடே நினைவுக்கு வந்தார்.
போன ஜூன். கரும்பு வெட்டுகிறவர்.
ஆறு வாரம் என்று சொல்லி அனுப்பினேன்;
பன்னிரண்டாம் நாள்
ரொட்டிக் கத்தியால் கட்டை அறுத்தெறிந்துவிட்டு வந்தார்,
எலும்பு கோணிப்போய்.
கோப்பில் எழுதினேன்:
'மருத்துவ அறிவுரையைப் பின்பற்றாதவர்.'
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"கட்டுப் போட்ட அன்றைக்கு ஏதோ சொன்னாரே, ஸுலுவில்?"
என்று நொம்ஃபுண்டோவைக் கேட்டேன்.
பீன்ஸை ஸ்பூனில் அள்ளி என் பக்கம் நீட்டியபடியே,
"இறுக்குகிறது என்றார். மூன்று முறை."
"நீங்கள் என்னிடம் சொல்லவில்லையே?"
"நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள்."

ஸ்பூனை வாங்கிக்கொண்டேன்.
வாய்க்குப் போகும் வழியில் பாதி சிந்திற்று.

பன்னிரண்டுக்குப் பதிவேட்டை எடுக்க ஆள் வந்தார்.
இடது கையால் போட்டேன்.
சரோஷ்னி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தாள்;
படையாச்சி கோட்டைத் தாண்டி
அடுத்தவர் பெயர்மேல் சாய்ந்தது.
காலைக் கையெழுத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்து,
"இது நீங்கள் போட்டதுதானா?" என்றார்.

மின்சாரம் வந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு.
கை வெளியே வந்தது,
ஊறிச் சுருங்கி, சுண்ணாம்பு வாசனையோடு,
வேறு யாருடையதோ போல.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல்:
கையெழுத்துகள் பொருந்தவில்லை,
புள்ளிகள் சேர்க்கப்படவில்லை,
மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்.

நான் பதிவறையில்
ஒரு பழைய கோப்பைக் கேட்டிருக்கிறேன்.
தேடி எடுக்க ஒரு வாரம் ஆகுமாம்.